சரிபார்க்கப்பட்ட பாதை

முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. என்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்பதை அவர் மறைக்காததுதான் அதற்குக் காரணம். கதவைத் திறந்தவர் "வாங்கோ" என்று சொல்லவில்லை. "ஆர்?" என்றும் கேட்கவில்லை. "எத்தினை பேர் வந்திருக்கிறியள்?" என்றார்.

"நான் மட்டும்தான் அக்கா."

"அப்ப படலையடியில நிக்கிறது ஆர்?"

வாசற்படலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். என்னை இறக்கிவிட்ட ஓட்டோக்காரர், நான் மறந்துவிட்டு வந்த குடையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஓட்டோக்காரர் அக்கா. குடையை விட்டிட்டு வந்திட்டன்."

"அப்ப ரெண்டு பேர். முதல் கேள்விக்கே பிழையான மறுமொழி" என்றார். அதற்குப் பிறகுதான் இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். அவர் கை நீண்ட இடத்தில் கதிரை சரியாக இருந்தது. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அப்போது நான் ஒரு திட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். விழிப்புலனற்றவர்களுக்கு வழிகாட்டும் ஒரு கைபேசிச் செயலி. காதில் மாட்டிக்கொண்டு நடந்தால் "நேராகச் செல்லவும்", "இருபது மீற்றரில் வலதுபுறம் திரும்பவும்" என்று தமிழில் சொல்லிக்கொண்டு வரும். திருகோணமலையில் பன்னிரண்டு பேருக்குப் போன் கொடுத்திருந்தார்கள். கிழமைக்கு ஒரு தடவை ஒவ்வொருவரோடும் ஒரு பாதை நடக்கவேண்டும். செயலி சொன்னது சரியா பிழையா என்று அவர்கள் சொல்வதைப் படிவத்தில் எழுதவேண்டும். பிறகு வீட்டுக்குப் போய் அதைக் கணினியில் ஆங்கிலத்தில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பவேண்டும். இவ்வளவும்தான் என் வேலை. கேட்டால் எவ்வளவு சின்ன வேலை, பாருங்கள்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. பக்கத்தில் இருந்தால் எழுதவிடவும் மாட்டார், "என்ர பேர் உமக்கென்னத்துக்கு?" என்பார். துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ரெலிபோன் ஒப்பறேற்றராக இருந்து ஓய்வுபெற்றவர். கட்டைபறிச்சானில் ஒரு தங்கை இருந்தார். மற்றப்படி தனி ஆள். பிறவியிலேயே கண் தெரியாது.

ரெலிபோனில் இருந்த காலத்தைப் பற்றி ஒருநாள் பிளேன்ரீ குடித்துக்கொண்டு சொன்னார். "கதைக்கிற ஆள் இருந்து கதைக்குதோ நிண்டு கதைக்குதோ, பக்கத்தில இன்னொராள் காதைக் குடுத்துக்கொண்டு நிக்குதோ எண்டு குரலில தெரியும் பிள்ளை. எங்கட பெரியவர் எனக்குப் பக்கத்தில நிண்டு பணிஸ் சாப்பிட்டுக்கொண்டு, தான் மீற்றிங்கில எண்டு சொல்லச் சொல்லுவார். நானும் சொல்லுவன். பொய் சொல்லிச் சொல்லித்தான் பொய்யைப் படிச்சனான்."

அவர் ஆட்களைச் சோதிக்கும் முறை விசித்திரமானது. தெரியாத எதையும் கேட்கமாட்டார். கையில் தொட்டுப் பார்க்கும் மணிக்கூடு கட்டியிருப்பார், அதை இரகசியமாகத் தடவிவிட்டு "இப்ப என்ன நேரம் பிள்ளை?" என்பார். தனக்கு நன்றாகத் தெரிந்த தெருவில் நின்றுகொண்டு "இது எந்தத் தெரு?" என்பார். வீதியைக் கடக்க உதவிக்கு வருகிறவரிடம் முதலில் "நீங்கள் எந்தப் பக்கம் போறியள்?" என்று கேட்பார். தான் போகிற பக்கத்தை இவர் சொல்லும் முன்பே, நானும் அந்தப் பக்கம்தான் என்று வந்தவர் சொன்னால் அவ்வளவுதான், ஆள் பாசில்லை. அது இரக்கத்தில் சொன்ன பொய் என்பார்.

"ஏன் அக்கா இப்பிடி ஆக்களைப் பரிசோதிக்கிறியள்? பாவமெல்லே?"

"தெரியாததைக் கேட்டு என்ன பிரியோசனம்? பொய் சொன்னாலும் எனக்கு விளங்கப்போறேல்ல. தெரிஞ்சதைக் கேட்டால்தான் ஆளைப் பிடிக்கலாம்."

செயலியையும் அப்படித்தான் பிடித்தார். முதல் தடவை அது பேசியதும் காதுக்கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஆர் இந்தப் பொம்பிளை?" என்றார்.

"அது மெஷின் அக்கா."

"மெஷினுக்குக் குரல் குடுத்தது ஒரு பொம்பிளைதானே. எந்த ஊராள்?"

"இந்தியாக்காரி போல."

"அப்ப இந்த றோட்டில ஒருநாளும் நடந்திருக்கமாட்டாள். காணாத றோட்டைப் பற்றி இவ்வளவு துணிவாக் கதைக்கிறாளெண்டால், இவளில ஒரு கண் வைக்கோணும்."

'கண் வைக்கோணும்' என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. ஆனால் அடுத்த கேள்வியில் என் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது எனக்கு வழி சொல்லுது, சரி. நான் போற வழியை ஆருக்குச் சொல்லுது?"

பயிற்சியில் பாடமாக்கிய மறுமொழி என்னிடம் இருந்தது. உங்கள் தரவுகள் பாதுகாப்பாக இருக்கும் என்றேன்.

"ஆற்ற பாதுகாப்பில?"

அதற்கு மறுமொழி பயிற்சியில் சொல்லித்தரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் போனை ஒரு பழைய பிஸ்கற் ரின்னுக்குள் வைத்து மூடி, அதன்மேல் நாலு சீலையையும் மடித்து வைத்துவிட்டு வெளியே போவார். எங்கே போனார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. "கொஞ்சம் கூடிப்போச்சு அக்கா, ஆரும் உங்களைத் தேடேல்ல" என்று நக்கலடித்தேன். இரண்டு கிழமை கழியவில்லை, கொழும்பில் இருந்து எங்கள் திட்ட அலுவலர் பேசினார். மற்றக் கதைகளுக்கு நடுவில், "அந்த ரெலிபோன் அம்மாவின்ர போன் வெள்ளிக்கிழமையில வீட்டை விட்டு அசையிறதே இல்லையே, ஏன்? பாவிக்கிறேல்லையோ?" என்று கேட்டார். வாய் சும்மா இராமல் அதை அப்படியே கொண்டுபோய் அவரிடம் சொன்னேன்.

"பாத்தீரோ?" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் என் போனையும் மேசையில் கவிழ்த்து வைத்தேன், என்னவோ அது என்னைப் பார்ப்பதுபோல.

சந்தேகம் தொற்றுவியாதி என்று சும்மாவா சொல்கிறார்கள்? எனக்கும் அவர்மேல் வந்தது. ஒருநாள் மத்திய வீதியில் சந்தித்தோம். நான் பேச வாயெடுக்கும் முன் "என்ன பிள்ளை, இண்டைக்குச் சிவப்போ?" என்றார். எனக்குத் திடுக்கிட்டுப் போயிற்று. நான் போட்டிருந்தது இரத்தச் சிவப்புச் சட்டை. இவருக்குக் கண் தெரியுமோ? இவ்வளவு நாளும் எல்லாரையும் பேய்க்காட்டுகிறாரோ? என்னை அறியாமல் என் கை அவர் முகத்துக்கு முன்னால் போய் இப்படியும் அப்படியும் ஆடியது.

"கையை எடும். காத்தடிக்குது" என்றார்.

செத்துவிடலாம்போல இருந்தது. பக்கத்துக் கடைக்காரர்தான் நான் தூரத்தில் வரும்போதே "சிவப்புச் சட்டைப் பிள்ளை வருகுது" என்று சொல்லியிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்க, அவர் அதைக் கேளாததுபோல நடந்துகொண்டே ஒரு கதை சொன்னார். சண்டைக்காலத்தில் வேலைக்குப் போகிற வழியில் ஒரு சோதனைச் சாவடி. தினமும் அதே ஆட்கள். தினமும் முகத்துக்கு முன்னால் கை ஆட்டுவார்களாம். ஒருநாள் மூக்குக்குக் கிட்ட நெருப்புக்குச்சி தட்டினார்களாம். வெள்ளைப் பிரம்பைக் கழற்றி உள்ளே ஊதிப் பார்ப்பார்களாம்.

"எத்தினை வருசம்? ஒருநாள்கூட நம்பேல்ல. அவையளிட்ட இருந்துதான் நானும் படிச்சனான். ஆனா உம்மட கையில காத்துக் கொஞ்சம் குறைவு" என்று சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு எனக்கு அவரைப் பிடிக்கத் தொடங்கியது. அதைச் சொல்லாவிட்டால் பிறகு நான் செய்தது விளங்காது.

படிவத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் படிவம் என்றால் "நல்லம்" என்று சொல்வது வழக்கம். சுனாமிக்குப் பிறகு வந்த படிவங்களைச் சொல்லி முடியாது. வீடு, வள்ளம், தையல் மெஷின், கோழிக்குஞ்சு எல்லாவற்றுக்கும் ஒரு படிவம், கடைசியில் 'உங்களுக்குத் திருப்தியா?' என்று ஒரு கேள்வி. திருப்தியில்லை என்றவரின் பெயர் அடுத்த லிஸ்ட்டில் இராது. இராமல் போனது உண்மையோ பொய்யோ, சனம் அப்படித்தான் நம்பியது. அதனால் செயலி எங்கே கொண்டுபோய் விட்டாலும் மற்றப் பதினொரு பேரும் "நல்லம் பிள்ளை, எல்லாம் நல்லம்" என்றார்கள். குச்சவெளியில் ஒரு ஐயா பாதி வழியில் முள்வேலியில் முட்டி, கையில் இரத்தம் வடிய நின்றுகொண்டு, "நல்லம் எண்டு போட்டீரோ? கொஞ்சம் கூட நல்லம் எண்டு போட்டுவிடும்" என்றார்.

இவர் மட்டும்தான் உள்ளதை உள்ளபடி சொன்னவர். உட்துறைமுக வீதியில் கரையோரமாக நடந்துகொண்டிருக்கும்போது செயலி ஒருதரம் எங்களைத் தண்ணீருக்குள் நிற்பதாகக் கணக்குப்போட்டு, வீதிக்கு வரச்சொல்லி அந்தரப்பட்டது. "எழுதும்" என்றார். "என்னை நடுக்கடலில விட்டிட்டு, வலப்பக்கம் திரும்பட்டாம்." எழுதினேன். "வாசியும்." வாசித்தேன். எழுதியதை ஒவ்வொரு முறையும் வாசிக்கச் சொல்வார். ஒரு சொல் குறைந்தாலும் பிடித்துவிடுவார்.

அன்றைக்கு வழியோரத்து மரவாங்கு ஒன்றில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிவிட்டுப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் ஊர் மான்கள் தெரியும்தானே, பஸ் ஸ்ராண்டில் ஆட்களோடு ஆட்களாகத் திரிகிறவை. ஒன்று பின்னால் வந்து படிவத்தை வாயில் கவ்விச் சப்பத் தொடங்கிவிட்டது. நான் கத்திக்கொண்டு இழுக்கிறேன், அது விடுகிறதாக இல்லை. என்ன நடந்தது என்று கேட்டறிந்தவர், "விடும், விடும். அதுக்காவது என்ர கதை போய்ச் சேரட்டும்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். திரும்ப எழுதி அன்றைக்கே ஒரு சொல்லும் விடாமல் கொழும்புக்கு அனுப்பினேன். ஆம், முதல் மூன்று படிவங்களையும் உள்ளபடிதான் அனுப்பினேன். நான் தொடக்கத்திலேயே கள்ளி இல்லை.

பிறகுதான் அலுவலர் பேசினார். கோபமாகப் பேசவில்லை, அன்பாகத்தான் பேசினார். "தங்கச்சி, மற்ற மாவட்டங்களில எல்லாரும் சந்தோசமா இருக்கினம். உங்கட இடத்தில மட்டும் ஏன் இப்பிடி? அவங்களுக்குச் சரியாச் சொல்லிக்குடுக்கேல்லையோ? இப்பிடியே வந்தா மேலிடம் போன்களைத் திருப்பி எடுத்து வேற மாவட்டத்துக்குக் குடுக்கச் சொன்னாலும் சொல்லும்." எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டுகிற ஒப்பந்தம்தான். அதைவிட, பன்னிரண்டு பேரின் கையில் இருக்கும் போன். அதில் செய்தி கேட்கிறார்கள், பிள்ளைகளோடு பேசுகிறார்கள். ஒரு மனிசி குறை சொல்வதற்காகப் பதினொரு பேர் இழக்கவேண்டுமா? இப்படித்தான் என் மனதுக்குச் சொன்னேன். பதினொரு பேரையும் முன்னால் நிறுத்தி அவர்களுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் என்று இப்போது விளங்குகிறது.

ஆனால் அவருக்கு முன்னால் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதுதான் என் கெட்டித்தனம். அவர் சொன்னதை அப்படியே தாளில் எழுதினேன், அப்படியே வாசித்தேன், என் குரலில் ஒரு பிசகும் இருக்கவில்லை. பொய்யை வீட்டுக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு, ஆங்கிலத்தில் எழுதினேன். ஊரில் எல்லாரையும் பிடிக்கிற மனிசியை நான் பேய்க்காட்டிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. மறைக்கவேண்டியதில்லை, இருந்தது.

பஸ் ஸ்ராண்டில் இருந்து துறைமுகப் பக்கம் போகிற ஒரு குறுக்கு வீதியில், நடைபாதைக்குக் கீழே மழைத்தண்ணீர் ஓடும் கான் ஒன்று இருந்தது. தண்ணீர்க் குழாய் போடுவதற்காக நடைபாதையின் கொங்கிறீற் மூடிகளை யாரோ ஒரு ஒப்பந்தக்காரர் கழற்றி ஒரு பக்கமாக அடுக்கியிருந்தார். நெஞ்சளவு ஆழம். செயலி "நேராகச் செல்லவும்" என்றது. அவருடைய பிரம்பு இரண்டு தட்டுத் தட்டியது, மூன்றாவது தட்டில் சத்தம் வரவில்லை. அவர் அப்படியே நின்றார்.

"இதில கான் வாயைத் திறந்துகொண்டு கிடக்கு. இவள் நேராப் போகட்டாம்" என்றார். "எழுதும். பெரிசா எழுதும். இதில ஆராவது விழுந்தால் எழும்ப ஏலாது."

எழுதினேன். வாசித்தேன். "ஆள் விழுந்தால் எழும்ப ஏலாது எண்டதையும் எழுதினீரோ?" என்று இன்னொருதரம் கேட்டார். அதையும் வாசித்துக் காட்டினேன்.

அன்றைக்கு வீட்டில் கணினிக்கு முன்னால் கனநேரம் இருந்தேன். குழாய் வேலை நடந்துகொண்டுதானே இருக்கிறது, இரண்டு மூன்று நாளில் மூடிவிடுவார்கள், அதற்காக ஒரு பாதையையே பிழை என்று போடுவதா? ஒப்பந்தம் முடிய ஒரு கிழமைதான் இருந்தது. 'பாதை பாதுகாப்பானது' என்ற கட்டத்தைத் தட்டினேன். 'மிகவும் திருப்தி' என்ற கட்டத்தையும் தட்டினேன். அனுப்பிவிட்டுச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

ஒப்பந்தம் நீண்டது. அடுத்த மாதம் செயலியைப் புதுப்பித்தார்கள். சில பாதைகளில் நடக்கும்போது அது புதிதாக ஒரு வசனம் சொல்லத் தொடங்கியது. "இது பயனாளர்களால் சரிபார்க்கப்பட்ட பாதை."

எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருவர் சுவீப் ரிக்கற் என்கிற லொத்தர்ச் சீட்டு விற்பவர். முப்பத்தைந்து வயது, இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள், கலகலப்பான மனுசன். நிலாவெளியில் இருந்து மனைவி காலையில் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போவார், பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போவார். போன் கிடைத்த பிறகு அவர் தனியே வரத் தொடங்கினார். அதை அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். "இப்ப நான் என்ர மனிசிக்கு லீவு குடுத்திட்டன்" என்பார். பஸ் ஸ்ராண்டில் இருந்து துறைமுகப் பக்கம் போக அவருக்குப் பழகிய சுற்றுவழி ஒன்று இருந்தது. செயலி அவருக்குக் குறுக்கு வீதியைச் சொன்னது. சரிபார்க்கப்பட்ட பாதை என்றும் சொன்னது. நேராகச் செல்லவும் என்றது. மனுசன் நேராகப் போனார்.

கான் இன்னும் மூடப்படாமலே கிடந்தது, விழுந்ததில் தொடையெலும்பு முறிந்துவிட்டது. கம்பி வைத்தார்கள். செய்தி கேட்டு நானும் அக்காவும் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனோம். அவர் எங்கள் குரலைக் கேட்டதும் எழும்பப் பார்த்தார், மனைவி தடுத்தார். அந்த மனிசியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"உனக்குத் தெரிஞ்ச வழியால போயிருக்கலாமே?" என்று அக்கா கேட்டார்.

"அது சரிபாத்த பாதை எண்டு சொல்லிச்சு அக்கா."

"ஆர் சரிபாத்தது?"

"தெரியேல்ல. எங்களைப்போல ஒராள்தானே பாத்திருக்கும். அதாலதான் நம்பினனான். கண் தெரிஞ்ச ஆக்கள் சொல்லியிருந்தால் பிரம்பைத் தட்டிப் பாத்திருப்பன்."

நான் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. மனைவி மட்டும் "இருங்கோவன் பிள்ளை, நிண்டுகொண்டிருக்கிறியள்" என்று ஸ்ரூலை இழுத்துப் போட்டார். அந்த அன்பு எனக்குக் குத்தியது.

வெளியே வந்தோம். விறாந்தையில் ஒரு வாங்கில் அக்கா இருந்தார், என்னையும் இருக்கச் சொன்னார்.

"அண்டைக்குக் கான் திறந்து கிடக்கெண்டு சொன்னனான். அது கொழும்புக்குப் போனதோ?"

"போனது அக்கா."

"நான் சொன்னபடியே போனதோ?"

"ஓம் அக்கா."

அவருக்கு நேரே நான் சொன்ன முதல் பொய் அது. அவர் தலையைக் கொஞ்சம் சரித்து, நான் பேசி முடித்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மூச்சைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுறீர்" என்றார்.

பிறகு போனை எடுத்து விரலால் இரண்டு மூன்று தடவை தடவினார். புதுப்பித்த செயலியில், அவரவர் இதுவரை கொடுத்த கருத்துகளைத் திரும்பக் கேட்கும் ஒரு பக்கமும் வந்திருந்தது. எனக்கு அது தெரியவே தெரியாது. நான் அந்தச் செயலியை ஒருநாளும் கண்ணை மூடிக்கொண்டு பாவித்துப் பார்த்ததில்லையே! போன் ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கியது. பாதை பாதுகாப்பானது. மிகவும் திருப்தி. திகதி. வீதியின் பெயர். கடைசியில், கருத்துக் கூறியவர் என்று சொல்லி அவருடைய பெயர். அதை அடுத்து இன்னொரு படிவம், மிகவும் திருப்தி, அவருடைய பெயர். இன்னொன்று. அவர் நிறுத்தவில்லை. அவ்வளவையும் அந்த விறாந்தையில், போகிற வருகிற ஆட்களுக்கு நடுவில், எனக்குக் கேட்கும்படி வாசிக்க விட்டார்.

"காலமைதான் இதைக் கண்டுபிடிச்சனான். இங்கிலீசிலதானே ரெலிபோனில இருபத்தைஞ்சு வருசம் கதைச்சனான்" என்றார். "அவன்ர காலை முறிச்சது நான்."

"இல்லை அக்கா. நான்தான். நீங்கள் இல்லை."

"என்ர பேர்தானே கிடக்கு."

நான் அழத் தொடங்கினேன். அவர் என்னை ஆறுதல்படுத்தவில்லை. ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். போனை என் கையில் தந்து, கருத்து எழுதும் பக்கத்தைத் திறக்கச் சொன்னார்.

"நான் சொல்லுறன், நீர் எழுதும். இது வாசிக்கும், நான் கேப்பன்."

அவர் ஆங்கிலத்தில் சொன்னார். நிதானமான, சுத்தமான அலுவலக ஆங்கிலம். எனக்குக் கண் தெரியாது. நான் சொல்வதை எழுதக் கண் தெரிந்த ஒருவரை நீங்கள் அனுப்பினீர்கள். அந்தக் கான் திறந்து கிடக்கிறது, ஆள் விழுந்தால் எழும்ப முடியாது என்று நான் சொன்னேன். அவர் பாதுகாப்பானது என்று எழுதினார். ஒருவர் விழுந்தார். இந்தப் பாதையை உடனே எடுங்கள். என் பெயரில் இருக்கும் மற்றக் கருத்துகளையும் எடுங்கள், அவை நான் சொன்னவை இல்லை. ஒவ்வொரு வசனமும் முடிய, போன் அதை வாசித்தது. பிழையாக ஒரு எழுத்தைத் தட்டினால் அவர் கையைத் தூக்கினார், நான் திருத்தினேன்.

"இப்ப உம்மட பேர். முழுப் பேர்."

எழுதினேன். என் பெயரை அந்தக் குரல் வாசித்தது.

"அக்கா, என்ர வேலை போயிடும்."

"ஓம், போகும்."

"இதை அனுப்பினா மற்ற ஆக்களின்ர போனையும் பறிச்சிடுவினம் அக்கா. பதினொரு பேர். அவையளுக்காகத்தான் நான்…"

"அவையளிட்ட ஒருக்காக் கேட்டனீரோ?" என்றார்.

கேட்கவில்லை. ஒருவரிடமும் நான் கேட்கவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். "அனுப்பிட்டன்" என்றேன். அவர் அசையவில்லை. 'அனுப்பப்பட்டது' என்று போன் சொல்லும்வரை காத்திருந்து, பிறகுதான் கையை நீட்டி அதை வாங்கினார். எழும்பி, பிரம்பைத் தட்டிக்கொண்டு வாட்டுப் பக்கம் திரும்பினார்.

"எங்க அக்கா போறியள்?"

"சரிபாத்தது ஆரெண்டு அவன் தெரியேல்லையெண்டவனல்லே. சொல்லப்போறன்."

தன் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார், என்னுடையதை அல்ல. அது எனக்குக் கன நாள் கழித்து, சுவீப் ரிக்கற் விற்பவரின் மனைவியைச் சந்தையில் கண்டபோது தெரிந்தது. மனுசன் இப்போது தடி ஊன்றி நடக்கிறார், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார். "அந்தக் கிழவி செய்த வேலை" என்று அந்த மனிசி அக்காவைத் திட்டினார். என்னிடம் சுகம் விசாரித்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை.

கொழும்பில் இருந்து வந்த மறுமொழி இதுதான்: இரண்டே நாளில் அந்தப் பாதையைச் செயலியில் இருந்து எடுத்தார்கள். இரண்டே நாள்! அதிகாலையில் எழும்பினால் இன்றைக்கும் அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பன்னிரண்டு போன்களில் ஒன்றையும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. என் ஒப்பந்தம் மட்டும் அந்தத் தவணையோடு முடிந்தது.

அதன் பிறகு அக்காவை ஒரே ஒரு தடவை கண்டேன். டொக்யார்ட் வீதியில், காலை பத்து மணி வெயிலில், ஒடுங்கிய நடைபாதையில் எதிரே வந்துகொண்டிருந்தார். காதில் கருவி இருந்தது, பிரம்பும் ஒவ்வொரு அடிக்கும் தட்டிக்கொண்டிருந்தது. நான் ஓடவில்லை. மதிலோடு ஒட்டிக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு, கண் தெரியாத மனிசியிடம் இருந்து ஒளிந்து நின்றேன். வெட்கக்கேட்டை என்னவென்று சொல்ல.

எனக்கு நாலடி முன்னால் வந்து நின்றார். காதுக்கருவியைக் கழற்றினார்.

"ஆர் நிக்கிறது?"

நான் பேசவில்லை. அவர் காத்திருந்தார். எனக்குத் தெரிந்து அவர் யாருக்காகவும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. ஒரு பஸ் போனது, பிறகு இன்னொன்று போனது. என் பெயரைச் சொல்லியிருந்தால் போதும், அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

"சரி" என்றார். "கொஞ்சம் தள்ளி நில்லும் பிள்ளை, பிரம்பு பட்டிடும்."